மாமியாரக்காவுக்கு மருமகள் கிடைத்த கதை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் மாமியாரக்காவைச் சபிக்காத பெண் கிடையாது. சபித்துவிட்டு, அடுத்த திருவிழாவுக்கும் அவர் நாடகம்தான் என்றதும் முதல் வரிசையில் பாய் போடாத பெண்ணும் கிடையாது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அடையாளக் கார்டில் பத்திரமாக இருந்ததே தவிர வெளியே வந்ததில்லை. பகலில் ரந்தாவ் ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டுவார். மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் மேடையில் மாமியாராக நின்று மருமகளைப் பிரட்டுவார். அந்த மருமகள் நான்தான். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். அழுகை எனக்குச் சட்டென்று வரும் என்பதால் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

உண்மையில் அவர் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. கை என் கன்னத்தருகே வரும். திரைக்குப் பின்னால் தபேலாக்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். நான் அட்டைத் தூணோரம் போய் விழுவேன். கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

ஒரு தோட்டத்தில் அப்படி விழுந்து கிடந்தபோது, ஒரு பருத்த அம்மாள் விறுவிறுவென்று மேடையேறி வந்தார்.

"எந்திரி தாயி. இவகிட்ட கெடந்து சாவணுமா நீ? எங்க வீட்டுக்கு வா லா."

"ஆண்டி, இது நாடகம்."

"எல்லாம் எனக்குத் தெரியும். அழாத."

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தோசை சுட்டுப் போட்டார். தோசை நன்றாக இருந்ததால் நானும் அதிகம் வாதாடவில்லை. திரும்பி வந்து பார்த்தால், மேடையில் மாமியாரக்கா ஆளில்லாத சமையற்கட்டைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். என் பதிலையும் அவரே ஒப்பித்து, எதிர்த்துப் பேசியதற்காக அதற்கும் சேர்த்துத் திட்டினார். அன்றைக்கு விழுந்த கைதட்டல், நான் மேடையில் இருந்தபோது என்றைக்கும் விழுந்ததில்லை.

வெளியில் பெண்கள் முறைத்தால் அவருக்குப் பரமானந்தம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறிக்காரி, "மருமகளுக்குச் சோறு போட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டால், "நேத்து மிஞ்சினது இருக்கு, தின்னுட்டுக் கெடப்பா" என்பார். வினையும் அங்கேதான் விளைந்தது.

கணவர் போனபிறகு தனியாளாக வளர்த்த ஒரே மகன் அவருக்கு. விமான நிலையத்தில் நல்ல வேலை, சிகரெட்டுகூடக் கிடையாது. ஜாதகம் பொருந்தும், படம் பிடிக்கும், அம்மா யாரென்று தெரிந்ததும் பெண் வீட்டுப் போன் ஊமையாகிவிடும். ஒருவர் மட்டும் மனம்விட்டுச் சொன்னார்: "பையன் தங்கம் லா. ஆனா எங்க பொண்ணத் தூணோரம் தள்ளிவிட்டா யாரு பொறுப்பு?"

இதற்கு மாமியாரக்கா சிரிக்கவில்லை. "என் வாயாலதானே எம்புள்ள கல்யாணம் நிக்குது" என்று கேண்டீன் பின்வாசலில் உட்கார்ந்து அழுதார். எனக்குத் தாளவில்லை.

அடுத்த திருவிழாவில் உத்தமத் தாய் வேடம் கேட்டு வாங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் புன்னகை. காய்ச்சலில் படுத்திருந்த எனக்குப் பால் கொண்டுவந்து, "குடிம்மா" என்றார். கூட்டமே எழுந்து நின்று, "குடிக்காத!" என்று கத்தியது. நான் குடித்தேன். கடைசிக் காட்சிவரை நான் சாவேன் என்று காத்திருந்து, சாகாததால் ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அப்புறம்தான் நீலாயிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் நர்ஸ். பெண் பார்க்கப் போனபோது மகனோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

"நான் ஒன்ன அடிச்சதே இல்லன்னு நீ வந்து சொல்லு. அது போதும்."

அந்த வீட்டில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அவர் உத்தமத் தாயாகவே இருந்தார். "ஒங்க வீட்டு மின்விசிறிகூட எவ்வளவு அடக்கமாச் சுத்துது" என்று குழைந்தார். பெண்ணின் அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் வாசலைப் பார்த்தார். நிலைமையைக் காப்பாற்ற நான் வாய் திறந்தேன்: "அக்கா என்னை அடிச்சதே இல்லைங்க." என் போதாத காலம், கூடவே அழுகையும் வந்துவிட்டது.

"பாவம், மெரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்று அந்த அம்மா கணவரின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அப்போது பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு நேரே வந்து சேலை கட்டியிருக்கிறாள் என்று அவள் அப்பா பெருமையாகச் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன, கையில் தட்டு ஆடியது. மாமியாரக்கா எழுந்து அதைப் பிடுங்கினார். உத்தமத் தாய் போன இடம் தெரியவில்லை.

"யாரு இந்தப் புள்ளகிட்டத் தட்டக் குடுத்தது? நிக்க முடியல அவளுக்கு, பூவச் சுத்தி நிறுத்தி வச்சிருக்கீங்க. டீ குடிக்கலன்னா நாங்க செத்தா போயிடுவோம்? நீ போய்ப் படும்மா. எவளாச்சும் எழுப்பினா என்கிட்டச் சொல்லு."

மைக் இல்லாமல் கடைசிப் பாய்வரைக்கும் கேட்கிற குரல். நான் பழக்கதோஷத்தில் விழுவதற்குத் தூண் தேடினேன்.

பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். "மா, எனக்கு இந்த வீடு ஓகே லா."

"மாப்பிள்ளைய நிமிந்துகூடப் பாக்கலையேடி?"

"தூங்கி எந்திரிச்சுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்து மணமக்கள் ரந்தாவ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தேன். ஆரத்தித் தட்டு தயார், எடுக்க வேண்டிய ஆளைக் காணோம்.

"எங்க என் மூத்த மருமக? அவ வந்துதான் ஆலாத்தி எடுக்கணும்" என்று மாமியாரக்கா முழங்கினார்.

பெண் வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். ஒரே பையன் என்றுதானே சொன்னார்கள் என்று ஒரு மாமா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அதற்குள் மாமியாரக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மணமக்கள் முன்னால் நிறுத்தினார். நான் தட்டைச் சுற்றினேன். கண்ணீர் மறைத்ததில் பாதி ஆரத்தி மாப்பிள்ளை வேட்டியில் கொட்டியது.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி அழுவுற மூதேவி" என்று என் காதோரம் பல்லைக் கடித்தார்.

அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே நான் இன்னும் சிரம்பானிலிருந்து ஒத்திகைக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.