வசீதியின் முழங்காலும் என் வயிற்றெரிச்சலும்

நவுசோரி, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மகரேட்டா அத்தைக்கு, அண்ணன் மகள் உனைசி பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான்கு பன்றிகள் அனைவரும் சுகம். லம்பாசாவில் உங்கள் சுகத்தையும் மரவள்ளித் தோட்டத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

அத்தை, இங்கே எங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மகள் வசீதியை உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது? நெட்பால் ஆடி அவளுக்கு முழங்கால் வலி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. மெத்தை நாற்காலி அவளுக்கு, தேங்காய் எண்ணெய்த் தேய்ப்பு அவளுக்கு, மீன் தலையும் அவளுக்கு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் பயிற்சியாளன் செமி, இரண்டு வருஷமாக நான் மனசில் வைத்திருக்கும் செமி, அவள் பையைச் சுமந்துகொண்டு வீடு வரைக்கும் வருகிறான்! என்னிடம், "உனக்குத்தான் கால் நல்லாருக்கே, இந்தப் பந்து மூட்டையைத் தூக்கு" என்கிறான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு, முழங்கால் வலியுள்ள இளம்பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஆராயும் ஒரு டாக்டரம்மா அவளை சுவாவுக்கு அழைத்தார். செமியும் நானும் துணைக்குப் போனோம். காலெல்லாம் வெள்ளி உருண்டைகளை ஒட்டி, சினிமா நட்சத்திரம் மாதிரி எட்டு கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். "பாவம், சின்னச் சின்னதா அடி வைக்கிறா, முழங்காலை மடக்கவே பயப்படுறா" என்று டாக்டரம்மா உச்சுக்கொட்டினார். என் கண்ணுக்கு ஒரு நொண்டலும் தெரியவில்லை. தெரியாத நொண்டலுக்கே இத்தனை மரியாதையா? "எனக்கும் வலி டாக்டர், ரெண்டு முழங்காலும்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் உருண்டை ஒட்டினார்கள். போகும்போது வலது காலை இழுத்தேன், திரும்பும்போது இடது காலை இழுத்தேன். அதற்குள் செமியின் அப்பா இலியேசா, அங்கே வாட்ச்மேன், ஏசி காற்று வாங்க உள்ளே வந்து, நான் நடக்கும் பாதை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் நிமிர்ந்து நடக்க முடியுமா அத்தை? வலியாவது ஒன்றாவது! "திலோ, திலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி, இரண்டு முழங்காலையும் மடக்கி, தரையோடு தரையாகக் குனிந்து விறுவிறுவென்று அவரைக் கடந்துவிட்டேன்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வலி இருக்கறவங்களால இப்படி மடக்கவே முடியாதும்மா."

அத்தை மகளாயிற்றே, கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "ஏன்டி உனைசி, உன் வலி பஸ் ஏறி ஊருக்குப் போயிடுச்சா?" என்றாள். செமி சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அடுத்த கப்பலிலேயே அவளை வரவழையுங்கள்.

ஆண்டவர் உங்கள் கூரையையும் கோழிகளையும் புயலிலிருந்து காக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
உனைசி

பி.கு. (திங்கள்): வசீதியை அனுப்ப மாட்டோம். இன்று காலை இலியேசா, பெண் கேட்கும் முறைப்படி திமிங்கலப் பல்லோடு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்து, "மெஷின் முன்னாடியும் மரியாதை மறக்காத பொண்ணு. எங்க செமிக்கு வேணும்" என்று கேட்டார். செமி வெட்கப்பட்டுத் தலையாட்டினான். என் மனசில் இருந்ததை நேற்றே அந்த வீட்டில் போய்ச் சொன்னது யார் தெரியுமா? வசீதி. அவர்கள் வீடு மலை மேல், எழுபது படி. அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். கேட்டு அழுதுவிட்டேன். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

ஆனால் இறங்கும்போது எழுபது படியும் செமிதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டானாம். அதை மட்டும் வந்து கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.