அமரர் அலைக்கரை டொட் கொம்

நைல், சிந்து என்று நதிக்கரைகளிலேயே நாகரிகத்தைத் தேடிக் களைத்த வரலாற்றாசிரியர்கள், பருத்தித்துறைக்கு அருகேயுள்ள அலைக்கரைக் கிராமத்தின் இணையத்தளத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கலாம். நாகரிகம் முகப்பிலேயே 'நல்வரவு' என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு அணைந்து அணைந்து எரியும். யாரும் கேட்காமலே நாதஸ்வரம் ஒலிக்கும். வந்துபோனவர்களின் தொகையைக் காட்டும் பெட்டியை, சனசமூக நிலையத் தலைவர் செந்தூரன் காலையும் மாலையும் தாமே வந்துபோய் வளர்த்தார்.

அத்தகைய தளம் அமரத்துவம் அடைந்ததை முன்னிட்டு, சனசமூக நிலையத்தில் 'நினைவஞ்சலிக் கூட்டம்' நடந்தது. ஒரு தடித்த பழைய கணினித் திரைக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். நன்றியுரை பிரதீபாவுக்கு. அவளோ அப்பாவின் முகத்தைக் கேட்க வந்திருந்தாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. இருந்த ஒரே படத்தை அம்மா தளத்தில் போடக் கொடுத்தாள். ஊரே சுவர்ப் படங்களைக் கழற்றிக் கொடுத்த காலம் அது. சுவரைக் கறையான் அரிக்கும், இணையம் அழியாது என்று செந்தூரன் வீடு வீடாகப் போய் விளக்கியிருந்தார். நெல்லியடி நெட் கபேயில்தான் பிரதீபா அப்பாவைப் பார்த்து வளர்ந்தாள். அழியாத ஒன்றைப் பிரதி எடுப்பானேன் என்று அவளும் இருந்துவிட்டாள்.

"அண்ணை, அப்பான்ரை படம்..." என்று செந்தூரனிடம் தொடங்கினாள்.

"அது தளத்திலை கிடந்தது, பிள்ளை."

"தளம் எங்கை?"

"காலம் கொண்டுபோட்டுது."

"காசு கட்டித் தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லி உங்களுக்கு மின்னஞ்சல் வந்ததெண்டு தக்சாயினி அக்கா சொன்னா."

செயலாளர் தக்சாயினி, சரியாகவே நின்ற ஊதுபத்தியைத் திருத்தத் தொடங்கினார்.

"வந்தது. ஒண்டில்லை, கனக்க வந்தது. முந்தியெண்டால் ஒரு மின்னஞ்சலை ஊர் கூடி வாசிப்பம். அந்தப் பொறுமை இப்ப ஆரிட்டை இருக்கு?"

"நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"நான் பேஸ்புக்குக்கு மாறீட்டனெல்லே."

"அப்ப அம்மா தந்த கடதாசிப் படம்?"

"எல்லாப் படமும் பெட்டியோடை எரிச்சாச்சு. இணையத்திலை இருக்குதுதானே எண்டு."

தலைமையுரை பேஸ்புக்கில் நேரலையாகப் போனது.

"அந்தக் காலத்திலை ஒரு படம் திறக்கிறதுக்குள்ளை தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம். முதல் நெத்தி வரும். பிறகு கண் வரும். ஒரு முகத்துக்காக மனிசர் காத்திருந்த காலமது. இப்ப எல்லாருக்கும் போனுக்கைதான் தலை" என்றார் செந்தூரன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கனடாவிலிருந்து இதயங்கள் மிதந்து வந்தன. ஒரு நிமிட மௌனத்தில் நேரலையை விட்டு ஆட்கள் கழன்றதால், மௌனம் பாதியில் ஒத்திவைக்கப்பட்டது.

பிரதீபா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ஊர் சார்பிலை நன்றி சொல்ல வந்திருக்கிறன். கடல் எங்கடை அப்பாவைக் கொண்டுபோனது. ஆனால் முகத்தை எங்களிட்டை விட்டுட்டுத்தான் போனது. கடல் விட்ட குறையைப் பொறுப்பெடுத்து முடிச்சுவைச்ச தலைவர் அண்ணைக்கு நன்றி."

சபை பழக்கத்தில் கைதட்டியது. எல்லோரிலும் பலமாகத் தட்டியவர், போனிலிருந்து தலை நிமிராத தலைவர்தான்.