சீர் வேண்டாம், டிவிடி பிளேயர் நானே வாங்கிக்கிறேன்

எந்தப் பொருளையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறவனை நம்பவே கூடாது. விசாரிக்காமல் வாங்கி ஏமாந்தவன் கடைக்காரனைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். விசாரித்து வாங்கி ஏமாந்தவன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். வீட்டிலிருப்பவர்களின் உயிரை வாங்குவான். 2008-ல் நான் இரண்டாவது வகை. (இப்போதும் அதேதான் என்கிறாள் என் மனைவி கலைச்செல்வி. அவளை யார் கேட்டது?)

எங்கள் கல்யாணம் அந்த வருஷம் வைகாசியில் சிதம்பரத்தில் நடந்தது. முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரரைக் காணவில்லை. தாரை வார்த்துக் கொடுத்த கையோடு என் மாமனார் அவரைத் தேடி மண்டபத்தின் பின்பக்கம் ஓடினார். விளக்கு எரிந்த பிறகு வியர்த்து விறுவிறுத்து அவர் திரும்பியபோது, வீடியோக்காரரின் பேட்டரி லைட் வெளிச்சத்திலேயே நான் தாலி கட்டி முடித்திருந்தேன். ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. "பரவால்ல மாப்ள, டிவிடில பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி கலைச்செல்வியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு நான் சிதம்பரம் போகும்போது எல்லோருமாகக் கல்யாண டிவிடி பார்ப்பது என்று ஏற்பாடு. ஆடிச் சீராக ஒரு டிவிடி பிளேயர் வாங்கித் தருவதாக மாமனார் போனில் சொன்னார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கம்பெனி பெயரே இல்லாத அசெம்பிள் செட். மூடி கழன்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். இவரா எனக்கு வாங்கித் தருவது?

"சீரெல்லாம் வேணாம் மாமா. பிளேயர் நானே வாங்கிக்கறேன். நல்லதாப் பாத்து வாங்கி அங்கியே எடுத்தாறேன். அதுலயே பாக்கலாம்" என்றேன். என்ன திமிர் பாருங்கள்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கேண்டீன் மாஸ்டர் வரை ஒருவரையும் விடவில்லை. லென்ஸ் எந்த ஊர்? சூடாகுமா? எத்தனை வருஷம் உழைக்கும்? கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் நண்பர் ஒருவர் பொறுக்க முடியாமல், "படம் பாக்கத்தான வாங்கற? என்னமோ பொண்ணு பாக்கற மாதிரி கேக்கறியே" என்றார். பெண் பார்த்தபோது நான் இத்தனை கேள்வி கேட்கவில்லை.

கடலூரில் நான் போன கடைக்காரர் நல்ல மனிதர். "சார், இந்த அசெம்பிள் செட்ட எடுத்துக்குங்க. கீறல் உழுந்த டிஸ்க்கக்கூட உடாம படிக்கும். கம்பெனி செட்டுக்கு ரோஷம் ஜாஸ்தி. லேசா அழுக்கு பட்டாலும் நின்னுக்கும்."

"எங்க வீட்டு டிஸ்க்குல ஏங்க அழுக்கு இருக்கப் போவுது?"

"எதுக்கும் ஒங்க டிஸ்க்க எடுத்தாந்து ஒருவாட்டி போட்டுப் பாத்துடுங்களேன்."

அதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு. கடையிலிருந்த பாட்டு டிஸ்க் கண்ணாடி மாதிரி ஓடியது, எனக்கு அது போதும். இரண்டு வருஷ கேரண்டியுடன் கம்பெனி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று அம்மா அதையும் கல்யாண டிவிடியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பிளேயரின் நெற்றியில் (அதற்கு நெற்றி எது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ) சந்தனம் குங்குமம் வைத்தார். நான் பிளேயரோடு வந்த கையேட்டில் மூழ்கியிருந்தேன்.

பதினெட்டாம் பெருக்கன்று காலை சிதம்பரத்தில் கூடம் நிறைய ஜனம். மாமனார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை டிவிக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்ணழைப்பு ஓடியது. மாலை மாற்றியது ஓடியது. கெட்டிமேளத்துக்கு ஐயர் கையை உயர்த்தினார். நான் தாலியை எடுத்துக் குனிந்தேன். வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றேன். படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துபோனது.

திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே வாய். "மாமா, நம்ம பழைய செட்டுல போட்டுப் பாக்கலாமா?" என்றான் என் மச்சான், கலைச்செல்வியின் தம்பி. "கம்பெனி செட்டுல ஓடாதது ரப்பர் பேண்டுலயா ஓடும்?" என்று எரிந்து விழுந்துவிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்தேன். பளபளக்கும் பக்கத்தில், வரிசையாக மூன்று பொட்டு. சந்தனம், அதன் மேல் குங்குமம், நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அம்மா அசரவில்லை. "மேல் பக்கத்துல ஒங்க ரெண்டு பேர் போட்டோ இருக்குதுடா. போட்டோவுக்குப் பொட்டு வெக்க நீங்க என்ன செத்தா பூட்டீங்க? அதான் திருப்பி வெறும் பக்கத்துல வெச்சேன்." போனை வைத்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பிழைத்திருக்கலாம். நான் விவரம் தெரிந்தவன் ஆயிற்றே. வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதா இல்லையா? சாமி மாடத்திலிருந்து ஒரு பிடி விபூதியை அள்ளி, வட்டம் வட்டமாக, மூச்சுப் பிடித்துத் தேய்த்தேன். பொட்டு போனது. என் பிளேயர் 'நோ டிஸ்க்' என்றது. மச்சான் டிஸ்க்கை வாங்கிப் பழைய செட்டில் போட்டான். அந்த ரப்பர் பேண்டு முனகிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தது. கெட்டிமேளம் வந்ததும் மட்டும் ஒரு துள்ளு துள்ளி, நேரே பந்திக்குப் போய்விட்டது. தாலி கட்டாத நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு காப்பிதான் வாங்கியிருந்தோம். ஸ்டுடியோவுக்குப் போன் செய்தால், "டெலிவரி குடுத்ததும் அழிச்சுடுவோம் சார்" என்றார்கள். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்போது மாமியார் தாம்பாளத்தில் புது மஞ்சள் கயிற்றோடு வந்தார். பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்ற ஆற்றங்கரைக்குக் கிளம்பவேண்டிய நேரம். மாமனார் எழுந்தார்.

"கயித்த இங்கியே மாத்துங்க. மாப்ள கட்டட்டும்."

"அது பொம்பளைங்க செய்யறதுங்க" என்றார் மாமியார்.

"இன்னைக்கு ஒருநாள் அவரு கட்டட்டும். நா பாக்கணும்."

கலைச்செல்வி தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று முதல் முடிச்சோடு என் வேலை முடிந்து, மற்றதை என் அக்கா போட்டிருந்தார். இப்போது மூன்றும் நானே போடவேண்டும். முடிச்சு அவிழ்ந்தது, மறுபடி போட்டேன். மாமனார் குனிந்து, கண் கொட்டாமல் கடைசி முடிச்சு வரை பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படம் ஒரு எடத்துலயும் நிக்கல மாப்ள" என்றார்.

அந்தக் கம்பெனி பிளேயர் கேரண்டி முடியும் வரை ஒழுங்காகத்தான் ஓடியது. அதைப் பாராட்ட வீட்டில் ஆளில்லை. சிதம்பரத்து உறவுக்காரர்கள் இன்றும் என்னை 'ரெண்டு தாலி மாப்ள' என்றுதான் விசாரிக்கிறார்கள். கலைச்செல்விக்குக் கோபம் வந்தால் இதுதான்: "மொத வாட்டி எங்கப்பா சொன்னாருன்னு கழுத்த நீட்டினேன், சரி. ஒங்களப் பத்தி எல்லாம் தெரிஞ்ச பொறவு, ரெண்டாவது வாட்டியும் நீட்டினேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"