கோபித்துக்கொண்ட மாமனும் மூன்றாவது பஸ்ஸும்

கோபித்துக்கொண்டு போகிறவன் ஒருபோதும் வேகமாகப் போகக் கூடாது. பின்னால் ஆள் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்கு அவகாசம் தர வேண்டும். செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம், வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கொஞ்ச நேரம் என்று இழுக்க வேண்டும். எங்கள் பக்கத்து விசேஷங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அப்படிக் கோபித்துக்கொண்டு போனேன். அதிலும் விறுவிறுவென்று போய்த் தொலைத்தேன், மாலையும் கழுத்துமாக.

அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் அப்பாவின் மைக்செட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆண்டிமடத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அப்பாதான் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார். மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "எதாச்சும் பேசுங்கடா, சத்தம் எப்படி வருதுன்னு பாக்கணும்" என்று கத்துவார். கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நானும் என் அக்கா தேன்மொழியும். எவ்வளவு நேரந்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது? ஒருநாள் அக்கா சலித்துப்போய் ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. மாமியா வச்ச கொழம்புல உப்பு இல்லன்னா மருமவ சொல்லலாமா, கூடாதா?"

நான் அப்போது ஆறாம் வகுப்பு. மாமியாரைப் பற்றியும் தெரியாது, மருமகளைப் பற்றியும் தெரியாது. அதனால் தைரியமாகப் பதில் சொன்னேன். "சொல்லக் கூடாதுக்கா. ரெண்டு அப்பளம் சேத்து வாங்கிக்கணும்."

பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அதில் ஒரு அம்மாள் எழுந்து வந்து மைக்கை வாங்கித் தன் சந்தேகத்தைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போன இட்லிக் குண்டானைத் திருப்பித் தரவில்லையாம். "விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லி, அவங்க வூட்டுலயே இட்லி அவிச்சு வாங்கிட்டு வாங்க. தெனமும் வாங்குங்க, குண்டான் தன்னால வந்துரும்" என்றேன். வந்துவிட்டதாம்.

அப்படித்தான் 'அக்கா தம்பி ஆலோசனை மேடை' பிறந்தது. நாங்கள் வளர வளர அதுவும் வளர்ந்து, பொங்கல் விழா மேடைகள் வரை போனது. கூட்டத்திலிருந்து ஒருவர் பிரச்சினையைச் சொல்வார். அக்கா அதை இன்னும் சிக்கலாக்குவாள். நான் தீர்த்துவைப்பேன். கடைசி வரிக்குக் கைதட்டல் எனக்குத்தான். (தலைக்கனம் இருந்ததா என்று கேட்காதீர்கள். தலையே கனம்தான்.)

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தது. இனியா. அவளுக்கு மூன்று வயதில் காதுகுத்து, மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் மச்சான் வீட்டுக் குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அன்றைய கதாநாயகன் நான். பட்டு வேட்டி, தலைப்பாகை, முழங்கால்வரை தொங்கும் ரோஜா மாலை. இனியா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என்னைப் பார்த்து, "மாமா, நீ சாமியா?" என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான் எனக்கும் தோன்றியது.

ஜெயங்கொண்டத்திலிருந்து காது குத்த வர வேண்டிய பத்தரைக் காணோம். பிரியாணியும் தம்மிலிருந்து இறங்கவில்லை. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. மச்சான் ஓடிவந்தார். "மாப்ள, பத்தர் வர்ற வரைக்கும் நீயும் உங்கக்காவும் கொஞ்சம் சமாளிங்க."

டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. ஏறி நின்றோம். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதலில் மைக்கை வாங்கினார். "எம் மச்சினன் எல்லா விசேஷத்துலயும் கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிடுறான் சார். அவன சமாதானம் பண்ணியே எங்க உசுரு போவுது. என்ன பண்றது?"

தாய்மாமன் வேடத்தில் நின்றுகொண்டே தாய்மாமன்களைப் போட்டுத் தாக்க இப்படி ஒரு வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒருத்தரும் பின்னால போவாதீங்க. கூப்புடக் கூப்புடத்தான் கோவம் ஏறும். நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போவாரு. யாராச்சும் வருவாங்கன்னு மொத பஸ்ஸ வுட்டுருவாரு. பிரியாணி வாசனைக்கு ரெண்டாவது பஸ்ஸயும் வுட்டுருவாரு. மூணாவது பஸ் வர்றப்ப அவரே வந்து பந்தியில குந்தியிருப்பாரு!"

பந்தலே அதிர்ந்தது. பெரம்பலூர்க்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்து மச்சானின் பெரியம்மா, ரஞ்சன்குடிக்காரர், மைக்கை வாங்கினார். "ஏங்கண்ணு தேனு, ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்ற உன் தம்பிக்கு எப்பத்தான் பொண்ணு அமையும்?"

எங்கள் மேடை வரலாற்றில் முதன்முறையாக அக்காவிடம் பதில் கேட்டார்கள். அவள் உற்சாகமாகிவிட்டாள்.

"அதையேன் கேக்குறீங்க! போன மாசம் அரியலூர்ல பொண்ணு பாக்கப் போனோம். கேசரி குடுத்தாங்க. ரெண்டாவது தட்டும் வாங்கினான். பொண்ணு வந்து நின்னுச்சு. 'என்னடா, புடிச்சிருக்கா'ன்னு அப்பா கேட்டாரு. இவன், 'நெய்யி கொஞ்சம் தூக்கல்'ங்கறான்!"

நடந்தது உண்மைதான். பதற்றத்தில் வாயில் வந்தது அது. ஆனால் அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பி நான்கு நாள்கூட ஆகவில்லை. விசேஷ வீட்டில் எதற்கு என்று அப்பா அதை அக்காவிடம் மறைத்திருந்தார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மைக்கை டிரெய்லர் பலகையில் வைத்துவிட்டுக் கீழே குதித்து நடந்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். "என்னா நடிப்புடா!" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாப் நேரெதிரே, கத்தினால் கேட்கிற தூரந்தான். புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். முதல் பஸ் வந்தது. கண்டக்டர் மாலையைப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்ள, பொண்ணு எங்க?" என்றார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாரே என்று, "நான் மாப்ள இல்லீங்க, மாமன்" என்றேன். அவர் விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உடனே பந்தலிலிருந்து கூம்பு அலறியது. "மொத பஸ்ஸு போயிருச்சேய்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் வரப்போவதில்லை. என் பின்னால் கிளம்பிய மச்சானைக்கூட ரஞ்சன்குடிப் பெரியம்மா, "தம்பிதான் போவக் கூடாதுன்னு சொல்லிச்சே, குந்துப்பா" என்று உட்காரவைத்துவிட்டாராம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் மைக் வைத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பஸ்ஸிலிருந்து பத்தர் இறங்கினார். கையில் சின்னப் பெட்டி. "என்ன தம்பி, மாமன் இங்க குந்தியிருந்தா புள்ளைய ஆரு மடியில வைக்கிறது? நேரம் போவுதுல்ல."

"நீங்க போங்க, வரேன்" என்றேன். போகவும் முடியவில்லை. கூப்பிடாமல் திரும்பினால் மானம் போய்விடும். அவர்கள் கூப்பிட்டால் என் ஆலோசனை பொய்த்துவிடும். கூம்பில் யார் யாரோ பேசினார்கள். "பத்தர் வந்தாச்சு, மாமன் மட்டுந்தான் பாக்கி" என்றது ஒரு குரல். "நேரம் போனா சித்தப்பன் மடியில வச்சிக் குத்திரலாம்பா" என்றது இன்னொன்று. அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அது என் மடி. அவள் பிறந்த அன்றே எனக்கென்று ஆன இடம். ஒரு தட்டுக் கேசரிக்காக அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதா?

கூம்பு கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அக்காவின் குரல் வந்தது. மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரல். அரியலூர்ச் செய்தியை அப்பா அவளிடம் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி."

பந்தலில் சிரிப்பு கிளம்பி, அவள் குரலைக் கேட்டு அடங்கியது.

"ஒரு அக்கா இருக்கா. தம்பி மனசு தெரியாம வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டா. கூப்புடக் கூடாதுன்னு ஊரே சொல்லுது. அவளுக்குக் கூப்புடணும்போல இருக்கு. அவ என்ன பண்ணட்டும்?"

கண்ணில் நீர் முட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் அக்கா கேட்ட சந்தேகம் எதற்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். கையில் மைக் இல்லை. அதே நேரம் மூன்றாவது பஸ் வந்து நின்றது. நான் அதைச் சுற்றிக்கொண்டு, ரோஜா இதழ்கள் ரோடெல்லாம் சிதற, பந்தலைப் பார்த்து ஓடினேன். ஓடிக்கொண்டே அடித்தொண்டையில் கத்தினேன். "கூப்புடலாம்க்கா!"

பந்தல் மொத்தமும் எழுந்து, "மூணாவது பஸ்ஸு! மூணாவது பஸ்ஸு!" என்று கூச்சல் போட்டது. என் ஆலோசனைகளில் அச்சுப் பிசகாமல் பலித்தது அது ஒன்றுதான்.

இனியா என் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். பத்தர் குத்தியபோதுகூட அழவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதாள். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. காது குத்தியது யாருக்கு என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

பந்தலைப் பிரிக்கும்போது இன்னொன்றைக் கவனித்தேன். காலையில் கோயிலைப் பார்த்துக் கட்டியிருந்த கூம்பு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "காத்துல திரும்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினார். (கம்பியை முறுக்கிக் கட்டிய கூம்பு அது. ஆடிக் காற்றுக்கே அசையாது.)

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளவே முடியவில்லை. யாராவது முகத்தைத் தூக்கினால் போதும், "எத்தனாவது பஸ்ஸு?" என்று கேட்டுவிடுவார்கள். என் கல்யாணத்தில் மாமனார் ஏதோ மனத்தாங்கலில் எழுந்தபோதுகூடக் கேட்டார்கள். என் மனைவி சண்டையில் கேட்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற இனியா, அன்று நடந்ததை எல்லாம் நேரில் பார்த்து ஞாபகம் வைத்திருப்பவள்போல வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். என் நடையை என்னைவிட நன்றாக நடக்கிறாள்.

மேடை ஏறுவதை நாங்கள் விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. அக்கா பெரம்பலூரில், நான் ஆண்டிமடத்தில். எதற்காவது போனில் முறைத்துக்கொண்டு, நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும் உண்டு. பிறகு ஒருநாள் போன் அடிக்கும். எடுத்தால் நலம் விசாரிப்பு எதுவும் இருக்காது.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி" என்பாள்.

என்ன சந்தேகம் என்று நான் கேட்பதே இல்லை. "கூப்புடலாம்க்கா" என்று சொல்லிவிடுவேன்.