காரம் குறைந்த பால்கனி

ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குச் சுத்தியல் வாங்கிக் கொடுக்கலாமா? பொம்மைச் சுத்தியல் இல்லை, நிஜச் சுத்தியல். பல நாளாக யோசிக்கிறேன். காலையில் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. மாலைக்குள் விரல் நசுங்கினால் என்ன செய்வது என்று தோன்றிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் காரம் மேடம். பெங்களூரில் மனிதர்களைவிடக் கட்டடங்களிடம் அதிகம் நலம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். காக்ஸ் டவுனில் எங்கள் பழைய அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில் இருந்தார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் காக்கிற பூச்சு தயாரிக்கும் பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை. மற்றவர்கள் கைப்பையில் சீப்பு வைத்திருக்கும் இடத்தில் அவர் சின்னச் சுத்தியல் வைத்திருப்பார்.

என் மகள் நிலா பிறந்தபோது பார்க்க வந்தார். தொட்டிலுக்குள் ஒரு பார்வை, மேலே நாலு பார்வை. "குழந்தை ஜம்முனு இருக்கா. சீலிங்தான் கொஞ்சம் டல்லா இருக்கு" என்றார். அல்சூரில் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரும் அட்சதை போட்டோம். மேடம் மண்டபத்துத் தூணில் காதை வைத்தபடி, "ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன், தூண் சத்தம் கேக்கல" என்று மேளக்காரரைக் கேட்டார்.

போன வருடம் எங்கள் பால்கனி சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை வந்தது. நிலா அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்து, அதன் அடியிலேயே மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேடம் ஸ்டூலில் ஏறித் தட்டினார். சுற்றிலும் 'டங்'. ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றில் மட்டும் 'டொப்'.

"பாப்பாவ உள்ள கூப்பிடும்மா. இனிமே இங்க விளையாட வேண்டாம்."

நிலாவைச் சைக்கிளோடு உள்ளே இழுத்தேன். "ஏன் மேடம்?"

"சிமென்ட்ல காரம் இருக்கிற வரைக்கும் கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. காத்தும் ஈரமும் உள்ள போய்ப் போய், காரம் குறைஞ்சுடுச்சு. இப்ப கம்பி துருப்பிடிச்சுப் பருத்துக்குது. பருத்தா சிமென்ட்டைப் பிளந்து தள்ளும்."

பள்ளியில் படித்த அமிலமும் காரமும் எனக்கு ஞாபகம் வருவதற்குள், நிலா இட்லிப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து பால்கனிச் சுவரில் அப்பிவிட்டாள்.

"காரம் போட்டுட்டேன் ஆன்ட்டி!"

மேடம் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் ஊத்தாம விட்டியே, சமத்து" என்றார்.

கன்னடம் கலந்து பேசும் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரெட்டரி வெள்ளைச் சட்டையில் வந்தார். "சும்னே எதுக்கு மேடம் பயமுறுத்துறீங்க? பட்டி போட்டு ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது."

மேடம் சீலிங்கில் ஒரு சில்லைப் பெயர்த்து, அந்த இடத்தில் பையிலிருந்த மருந்தைப் பீய்ச்சினார். "காரம் இருந்தா ரோஸ் கலர் வரும்." வரவில்லை. செக்ரெட்டரி நம்பாமல் எட்டிப் பார்க்க வந்தார். அடுத்த பீச்சு அவர் மார்பில் விழுந்தது. சட்டை திட்டுத் திட்டாக ரோஸ் ஆனது.

"ஐயோ, என் ஷர்ட்டு!"

"ஒண்ணுமில்ல சார், சோப்பு சரியா அலசல. பாருங்க, உங்க சட்டையில இருக்கிற காரம்கூட இந்த சீலிங்ல இல்ல."

அன்று முழுவதும் செக்ரெட்டரி வெளியே வரவில்லை. ஆனால் மறுநாள் மேஸ்திரியை அனுப்பினார். மேஸ்திரி உளியை வைத்து ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பார், ஒட்டகச்சிவிங்கியின் வயிறு சப்பாத்திப் பலகை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நிலா சைக்கிளைத் திருப்புகிற அதே இடத்தில். உள்ளே இருந்த கம்பி பேக்கரி பஃப்ஸ் மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. நான் உள்ளே ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த நிலாவை எழுப்பித் தூக்கிக்கொண்டேன். எழுப்பியிருக்க வேண்டாம்தான்.

துருவைச் சுரண்டி, கம்பி பளபளக்கத் தேய்த்து, பூச்சு அடித்து, புதுக் கலவை வைத்து மூடும் வரை மேடம் லீவு போட்டு எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பது போல. இப்போது செக்ரெட்டரி வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பில்டிங்ல காரம் செக் பண்ணியாச்சு" என்று பெருமை அடித்துக்கொள்கிறார். எனக்கு மட்டும் பெருமை இல்லையா என்ன? மேடம் முதலில் தட்டியது என் சீலிங்கைத்தானே!

இந்த வருடம் மேடத்துக்கு மங்களூருக்கு மாற்றல். எனக்கு அழுகை வந்தது. அவரோ, "கடல் காத்தும்மா! உப்பு! எங்க பாத்தாலும் துரு!" என்று பட்டுப்புடவைக் கடைக்குப் போகிறவர் போலக் கண்கள் மின்னக் கிளம்பினார்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் நானும் முதலில் மேலே பார்க்கிறேன். நிலா கரண்டியால் சுவரைத் தட்டிக் காது வைக்கிறாள். பிறந்தநாளுக்கு, "மேடம் ஆன்ட்டி வச்சிருக்கிற மாதிரி" சுத்தியல்தான் வேண்டுமாம். கணவர் கூடாது என்கிறார். வாசகர்களே, உங்கள் வீட்டுக் குழந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கொடுக்கலாம் என்றால், கனமில்லாத சுத்தியல் எங்கே கிடைக்கும் என்றும் எழுதுங்கள். பிடி மட்டும் நீளமாக இருக்கட்டும். அவளுக்கு இன்னும் சீலிங் எட்டவில்லை.