கண்டக்டர் கம்ப்யூட்டர் படித்த கதை

காரிமங்கலத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஒரு டம்ளர் டீ போடுவதற்கு நாற்பத்திரண்டு படிகள் எழுதியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவரை நாங்கள் கண்டக்டர் என்று கூப்பிட்டோம்.

அட்டெண்டன்ஸில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மேடம் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். "கண்டக்டரண்ணா" என்றால்தான் "இருக்கறேங்க" என்று பதில் வரும்.

என் சின்ன மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அது. மதியம் முழுக்க வீடு காலியாகக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு பார்த்து, டைப் அடிக்கப் பழகலாம் என்று போனேன். "டைப்பிங் இல்லைங்க்கா, புரோகிராம் எழுதத்தான் சொல்லித் தர்றோம்" என்றாள் மேடம். நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். புரோகிராம் என்றால் கல்யாண மண்டபத்தில் நடப்பது என்று நினைத்திருந்த நானும் பணம் கட்டிவிட்டேன். காலேஜ் முடித்த இரண்டு பெண்கள், செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், நான், கண்டக்டர். மொத்தமே ஐந்து பேர்.

கண்டக்டர் உட்கார மாட்டார். இருபது வருடம் தனியார் பஸ்ஸில் நின்றவருக்கு உட்கார்ந்தால் மண்டை வேலை செய்யாதாம். நோட்டை நீளவாக்கில் மடித்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நிற்பார். மின்விசிறி ஆடினால் அவரும் சேர்ந்து லேசாக ஆடுவது போல எனக்குத் தோன்றும்.

முதல் நாள் மேடம் சொன்னாள். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. டீ போடச் சொல்றதுனாலும் ஒவ்வொரு படியாச் சொல்லணும். எழுதுங்க பாக்கலாம்."

நாங்கள் ஏழெட்டுப் படி எழுதினோம். பதினான்கு வருடமாகத் தினமும் டீ போடுகிற நான் அடுப்பைப் பற்றவைக்க மறந்திருந்தேன். கண்டக்டர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். மேடம் வாசிக்கச் சொன்னாள்.

"அடுப்புக்கிட்ட யாராச்சும் நிக்கறாங்களா பாக்கணும். நின்னா நவுரச் சொல்லணும். நவுந்துட்டாங்களா பாக்கணும். இன்னொரு தடவ பாக்கணும். அப்பறந்தான் தீக்குச்சி..."

பால் முப்பதாவது படியில் வந்தது. "அண்ணா, உங்க டீ வர்றதுக்குள்ள கடையச் சாத்திருவாங்க" என்றார் ரிப்பேர் கடைக்காரர். கண்டக்டர் சிரிக்கவில்லை. "சாத்தட்டுங்க. சுடாம இருந்தாச் சரி" என்றார்.

அடுத்த வாரம் ஃப்ளோசார்ட். செய்கிற வேலைக்குக் கட்டம், கேட்கிற கேள்விக்கு வைரக்கல் மாதிரி ஒரு பெட்டி, ஆமாம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் இன்னொரு பக்கம். கண்டக்டர் போட்ட படங்களில் ஒரே கேள்வி இரண்டு முறை அடுத்தடுத்து இருக்கும். இரண்டு எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கிற கணக்கில்கூட இரண்டு முறை.

"ஒரு தடவ கேட்டாப் போதுங்கண்ணா. பதில் மாறாது."

"ஒரு தடவ பாத்தாப் பத்தாதுங்க மேடம்."

மேடம் ஒன்றை அடிப்பாள். அவர் பக்கத்திலேயே திரும்பவும் போட்டுவிடுவார்.

அவரை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. எனக்குப் புரியாததெல்லாம் அவருக்குப் பஸ்ஸில் ஏறிப் புரிந்துவிடும். எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று மேடம் எழுதியபோது, பள்ளியில் கணக்குக்கு அடி வாங்கியவள் நான், இது அநியாயம் என்றேன். "இருக்கற ஆளோட ஒரு ஆள் ஏறுதுங்க்கா. இப்ப எண்ணிப் பாருங்க, அதான் புது எக்ஸு" என்றார் கண்டக்டர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற லூப் என்பது அவருக்கு டிரிப்பு. ஒருநாள் நிறுத்துவதற்கான நிபந்தனையை எழுத மறந்துவிட்டார். காரிமங்கலம் காரிமங்கலம் என்று திரை நிரம்பி ஓடிக்கொண்டே இருந்தது. "கடேசி ஸ்டாப்பு சொல்லலைங்க, பாவம், அது எங்க நிக்கும்" என்று கம்ப்யூட்டருக்காக வருத்தப்பட்டார்.

வேறு சில விஷயங்களும் இருந்தன. சென்டருக்கு ஏறி வர ஒரு இரும்புப் படிக்கட்டு. வகுப்பு முடிந்ததும் அதன் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஒருவர் தரையில் கால் வைத்த பிறகுதான் அடுத்தவரை விடுவார். "எறங்கட்டும்ங்க, எறங்கட்டும்." பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எழுதுகிற கை அப்படியே நின்றுவிடும். இரண்டாவது விசில் வந்தால் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். நாங்கள் அதற்கும் சிரித்திருக்கிறோம். பசி வந்துவிட்டது போல என்பாள் காலேஜ் பெண்களில் ஒருத்தி.

இரண்டாவது மாதம், அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து மேடம் பஸ் கணக்கு ஒன்று கொடுத்தாள். ஆள் இறங்கியாச்சா என்று புரோகிராம் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் 'போகலாம்' என்று திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். கண்டக்டர் அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். ஓட்டிப் பார்த்தார்.

கேள்வி வருவதற்கு முன்பே 'போகலாம்' என்று வந்து நின்றது.

"மேடம், நான் சொல்லாமயே போயிருச்சுங்க."

மேடம் குனிந்து பார்த்தாள். "மொத வரியிலயே நீங்கதான போகலாம்னு சொல்லிருக்கீங்க. கேக்கறது அதுக்குக் கீழ இருக்குது பாருங்க."

"இல்லீங்க. நான் சொல்லல. அதுவா எடுத்துருச்சு."

"அதுவா எதையும் செய்யாதுங்கண்ணா. நீங்க சொன்னீங்க, அது போச்சு. தப்பு மெசினோடது இல்ல. சொன்னவங்களோடது."

எல்லாரும் சிரித்தோம். அதில் அதிகச் சத்தம் என்னுடையது. கண்டக்டர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனார். படிக்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே இறங்கினார்.

எட்டு நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. திட்டிவிட்டோமோ என்று மேடம் கலங்கிப்போனாள். ஒன்பதாவது நாள் நான் சீக்கிரம் போயிருந்தேன். மேடம் இன்னும் வரவில்லை. கண்டக்டர் சுருட்டிய சார்ட் பேப்பரோடு படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்.

"அக்கா, உங்க கையெழுத்து நல்லாருக்கும். இத அழகா எழுதித் தாங்க. வக்கீலுக்குக் காட்டணும்."

மேலே போய் மேசையில் விரித்தார். ஃப்ளோசார்ட் ஒன்று. பஸ் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். பின்படியில் தக்காளிக் கூடையோடு ஒரு அம்மா. விசில் இரண்டு. பஸ் நகர்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சந்தை நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. இவர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இறங்கியிருப்பார் என்று நினைத்து விசில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவின் ஒரு கால் இன்னும் படியில் இருந்தது. மூன்றாம் நாள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

"ஸ்டேசன்ல கேட்டாங்க, விசில் அடிச்சியான்னு. இல்லீங்க, டிரைவரு அவரா எடுத்துட்டாருன்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சுங்க. பொறவு மாத்த முடியல."

டிரைவர் பெயர் ஜோசப். பன்னிரண்டு வருடம் ஒரே பஸ். ஒரே டிபன் கேரியர். கூட்டத்தில் விசில் கேட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஜோசப்பின் லைசென்ஸ் போனது. கேஸ் அவர் மேல் நடந்துகொண்டிருந்தது. அவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சொன்னதக் கேட்டு எடுத்தாருங்க. வேற ஒண்ணும் செய்யல."

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன அந்த அம்மாவை நினைத்து, ஜோசப்பை நினைத்து. நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அதற்குப் பின்னாலேயே நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். விசிலுக்கு முன்னால் ஒரு வைரப் பெட்டி வரைந்து காலியாக விட்டிருந்தார்.

"இதுக்குள்ள என்ன எழுதணும்?"

"ஒண்ணும் எழுதாதீங்க. அங்கதான் பாத்திருக்கணும். நான் பாக்கல."

எழுதி முடித்துவிட்டுக் கேட்டேன். "இப்பப் போய்ச் சொன்னா உங்களப் புடிப்பாங்களேண்ணா. வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதே."

"இருக்குதுங்க. ஜோசப்புக்கும் இருக்குது."

கோர்ட்டில் அந்த சார்ட்டை யாரும் பார்க்கவில்லையாம். வக்கீல் அதை மடித்து ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டார். கண்டக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, "விசில் நான்தாங்க அடிச்சேன்" என்று சொன்னாராம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பயந்துட்டேங்க" என்றாராம். சில மாதம் கழித்து ஜோசப்பை விடுவித்தார்கள். இவர் மேல் கேஸ் வந்தது. அது இன்னும் முடியவில்லை. கண்டக்டர் லைசென்ஸும் போனது. இறந்துபோன அம்மாவின் மகளைத் தேடிப் போயிருக்கிறார். அந்தப் பெண் இவரை வாசலிலேயே நிற்க வைத்து முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இதையெல்லாம் அவர் போனில் சொன்னார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

நாங்கள் நான்கு பேர் படிப்பை முடித்தோம். ரிப்பேர் கடைக்காரர் தன் கடைக்கு ஏதோ எழுதிக்கொண்டார். நான் இந்தப் பத்திரிகைக்கு எழுத வந்துவிட்டேன். மேடம் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறாள். தப்பு சொன்னவங்களோடது என்கிற பாடத்தை இப்போதெல்லாம் மெதுவான குரலில் சொல்கிறாளாம்.

போன மாதம் தர்மபுரிக்குப் போக நின்றிருந்தபோது காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. புளி மண்டியில் வேலை என்றார்.

"ஜோசப் அண்ணன் பேசறாரா?"

"இல்லீங்க. லாரி ஓட்டறாரு. ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. திருப்பட்டுங்க. வண்டி ஓட்டறாரு, போதும்."

அவரே கேட்டார்.

"நான் நின்னதுக்கப்பறம் கிளாஸ்ல என்னங்க்கா நடத்துனாங்க?"

"ஃபங்ஷன்னு ஒண்ணு. அடிக்கடி செய்யற வேலைய ஒரு தடவ எழுதிப் பேரு வெச்சுக்கணும். வேணுங்கறப்பப் பேரச் சொல்லிக் கூப்புட்டாப் போதும்."

"கூப்புட்டா வருமா?"

"வரும்."

கையில் இருந்த பைகளைக் கீழே வைத்தார். என்னிடம் பேனா வாங்கிக்கொண்டு, மண்டிக் கணக்குச் சீட்டு ஒன்றை நீளவாக்கில் மடித்து உள்ளங்கையில் வைத்தார். நான் சொல்லச் சொல்லப் பொடி எழுத்தில் எழுதினார். தர்மபுரி பஸ் ஒன்று வந்து போனது. பின்னாலேயே இன்னொன்றும் போனது. மூன்றாவது வந்தபோது, "உங்க பஸ்ஸுங்க்கா, ஏறிக்கோங்க" என்றார்.

"அடுத்ததுல போயிக்கறேண்ணா" என்று சொல்லிவிட்டு, அவருக்குப் புரியாத இடத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.