கழுதை மூஞ்சிக்கு ஏழரை மார்க்

"என்ன ஒரு அழகு!" என்று நடுவர் கெர்ஹார்ட் சொல்லிவிட்டார்.

சொன்னது ஜெர்மன் மொழியில்தான். ஆனால் மொழிபெயர்க்க வந்திருந்த ஜென்னெத் அதை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் துர்க்மென் மொழியில் சொல்லிவிட்டாள். அன்னகுலி சட்டென்று தன் குதிரையின் முகத்தைக் கையால் மறைத்தான். காராகும் பாலைவனத்தின் ஓரத்தில் குதிரை வளர்க்கிற எவனும் தன் குதிரையைப் பற்றி அப்படியொரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்க மாட்டான். கண் பட்டுவிடும். கண் பட்ட குதிரை மறுநாளே நொண்டும்.

"அழகா? இந்த மூஞ்சியா? கழுதை மூஞ்சிங்க இது!" என்று அவசரமாகக் கத்தினான். "திங்க மட்டும்தான் தெரியும். ஓடச் சொன்னா ஒட்டகம் மாதிரி நின்னு பாக்கும்."

ஜென்னெத் ஒரு சொல் விடாமல் நடுவரிடம் ஒப்பித்தாள். அவர் தலையைக் குனிந்து குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்னகுலிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று வாயைக் கட்ட வேண்டிய நாள்.

பூர்குத் ஐந்து வயதுப் பொலிகுதிரை. அகால்தெக்கே இனம், பொன் நிறம். போன வசந்தத்தில் வேறொரு நடுவர் வந்து ஏழரைக்குக் கீழே மார்க் போட்டுவிட்டுப் போனார். இன்றும் ஏழரை வராவிட்டால் வம்சவிருத்திக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். திங்கட்கிழமை கால்நடை மருத்துவர் வந்து காயடித்துவிடுவார்.

இதற்கெல்லாம் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சர்வதேச விதிமுறை இருந்தது. அது எழுதப்பட்ட ஊரில் மணல் கிடையாது. குளிர் மட்டும் நன்றாக உண்டு. கண் தூக்கம் வந்தது போலவும் வராதது போலவும் இருக்க வேண்டும். பிடரி மயிர் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் குறைவாக இருப்பது தெரியக்கூடாது. அன்னகுலியின் அப்பா குதிரையைப் பார்த்து "ம்" என்பார், இல்லையென்றால் "ம்ஹூம்" என்பார். அந்தக் காலத்து விதிமுறை அவ்வளவுதான்.

நடுவர் கழுத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது அன்னகுலி ஜென்னெத்தை ஓரமாக இழுத்தான்.

"ஏம்மா, நான் சொன்னத அப்படியேவா சொன்ன?"

"ஆமாண்ணே. கழுதைக்கு அவங்க ஊர்ல ரெண்டு வார்த்தை இருக்கு. நல்லாப் பொருந்துறதாப் பாத்துப் போட்டேன்."

"கண்ணு படக்கூடாதுன்னு சொன்னது தாயி அது!"

"நீங்க மனசுல நெனைக்கிறத மொழிபெயர்க்க எனக்குச் சம்பளம் இல்லண்ணே."

"கொஞ்சம் தேன் தடவிச் சொல்லும்மா. திங்கக்கிழமை கத்தியோட வந்துருவாங்க."

ஜென்னெத் பூர்குத்தை ஒருமுறை முன்னாலும், ஒருமுறை பரிதாபமாகப் பின்னாலும் பார்த்தாள். "சரி, பாக்கிறேன்."

அன்னகுலி திரும்பி வந்து, "கழுத்தா இது? கிணத்துக் கயிறு!" என்றான். ஜென்னெத் அதைக் "கழுத்து பரவாயில்லை என்கிறார்" என்று மாற்றிச் சொன்னாள். நடுவர் நிமிர்ந்து பார்த்தார். முன்பு எழுதியதில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"பாத்தியா! பழைய மார்க்க அடிச்சுட்டாரு!" என்று அன்னகுலி பூரித்துப்போனான்.

அந்தப் பூரிப்பு தேநீர் ஆறும் நேரம்கூட நிலைக்கவில்லை. பக்கத்துத் தொழுவத்துக் கோச்முராத் கையில் கிண்ணத்தோடு சுவர் மேல் எட்டிப் பார்த்தான். முந்தாநாள் அவனுடைய வளைகால் குதிரைக்கு எட்டே கால் வந்திருந்தது.

"அடேங்கப்பா, எப்பேர்ப்பட்ட குதிரை! தோலப் பாருங்க, தங்கம்! இந்த மாதிரி ஒண்ணு ஏழு ஊர்ல கிடையாது!"

கண் படாமல் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை பாவி. வேண்டுமென்றே செய்தான். ஜென்னெத்தோ இதையாவது கலப்படம் இல்லாமல் சொல்லலாமே என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

திட்டினால் மார்க் போகும், திட்டாவிட்டால் குதிரை போகும். அன்னகுலி ரொட்டி அடுப்புக்கு ஓடினான். உள்ளே கையை விட்டுக் கரியைத் தொட்டு வந்து பூர்குத்தின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான். "ஒகுல்கெரெக்! புகை போட்டுக் கொண்டா!" என்று மனைவிக்கும் குரல் கொடுத்தான்.

நடுவர் திரும்பினார். குதிரையைப் பார்த்தார். அதன் கடவுச்சீட்டைப் புரட்டினார்.

"நெத்தியில எந்தக் குறியும் இல்லைன்னு இதுல போட்டிருக்காம்" என்றாள் ஜென்னெத். "அதனால இது வேற குதிரையோன்னு சந்தேகப்படுறாரு."

"வேற குதிரையா? இப்பத்தானே கழுத்த அளந்தாரு!"

"அந்தக் கழுத்தையும் திரும்ப அளக்கணுமாம்."

அன்னகுலி எச்சிலைத் தொட்டுச் சட்டைக் கையால் துடைத்தான். கரி கன்னம் வரை பரவியது.

"இப்ப ரெண்டு குறி இருக்காம்ணே."

தோலுக்கு அடியில் பதித்திருந்த அடையாளச் சில்லைத் தேடிக் கண்டுபிடித்து, கருவி 'பீப்' என்று கத்தி, இது அதே பூர்குத்தான் என்று விதிமுறை ஒத்துக்கொள்ள அரை மணி நேரம் ஆயிற்று. அந்தச் சமயம் பார்த்து ஒகுல்கெரெக் புகைச்சட்டியோடு வந்தாள். புகை மூக்கில் ஏறியதும் பூர்குத் தும்மியது. நடுவரின் கண்ணாடி, கோட்டு, விதிமுறை மூன்றும் நனைந்தன.

நடந்த கூத்து எதுவும் ஒகுல்கெரெக்குக்குத் தெரியாது. "தடிமாடே! நேத்து காயப்போட்ட துணிய மென்னு தின்ன, இன்னிக்குப் பெரிய மனுஷர் மேல தும்முறியா? இத ஒரு குதிரைன்னு கடல் தாண்டி வேற பாக்க வர்றாங்க! இத வளக்குற நேரத்துல ரெண்டு கோழி வளத்திருக்கலாம்!"

தேன் தடவ ஜென்னெத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. வந்ததை வந்தபடியே கொட்டினாள். நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைப் பக்கம் எழுதினார்.

அரைப் பக்கம்! முடிந்தது கதை என்று அன்னகுலி நினைத்தான். பிறகு தலையிலிருந்த ஆட்டுத்தோல் குல்லாவைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நடுவரின் எதிரே போய் நின்றான். கண் பட்டால் தன் மேல் படட்டும்.

"ஐயா, இவ்வளவு நேரமும் நான் சொன்னது பொய். இது பொறந்தப்ப என் சட்டையக் கழட்டித்தான் தொடச்சேன். இது ஓடுனா மணல்ல தடம்கூட ஆழமா விழாது. காலைல நான் இருமுனா போதும், காதத் திருப்பும். நான் வீட்டுக்கு வரலைன்னா என் பொண்டாட்டி தேட மாட்டா, இது தேடும். இத விட நல்ல குதிரை பூமியில இல்லய்யா. எல்லாத்துக்கும் பத்துப் போடுங்க."

ஒகுல்கெரெக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜென்னெத் மூக்கை உறிஞ்சியபடி அத்தனையும் மொழிபெயர்த்து, சொந்தமாகவும் இரண்டு வாக்கியம் சேர்த்தாள்.

நடுவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு பெருமூச்சு விட்டார். எழுதிய அரைப் பக்கத்தையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். அன்னகுலி வானத்தைப் பார்த்துக் கையேந்தி நன்றி சொல்லி முடிப்பதற்குள் தாளைக் கிழித்து அவனிடம் நீட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

ஏழு புள்ளி நாலு.

அன்னகுலி தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அளவுகோல் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் பாய்ராம், நடுவர் ஏறி உட்காரும் வரை காத்திருந்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தான்.

"கடைசி நேரத்துல இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களேண்ணே! இருபது வருஷமா இவருக்கு வண்டி ஓட்டுறேன், குதிரைய அளந்து இவரு மார்க் போட்டதே இல்ல. விக்கிறவன்தான் புகழுவான், உசிரா வளக்கிறவன் திட்டுவான்னு, திட்டுக்குத்தான் மார்க்கு. உங்க வீட்டுக்காரம்மா வாயால ஒம்பதே முக்கால்ல இருந்தீங்க!"